மூன்றாம் டேங்கின் முள்

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் போகும் சாலையில் ஒரு ரைஸ் மில் இருந்தது. அதன் பின்பக்கக் குடோனில் பதினொரு மாதம் வேலை பார்த்தேன். நெல் ஊறவைத்த தண்ணீரை மில்காரர்கள் குடோனை ஒட்டிய பள்ளத்தில்தான் திறந்து விடுவார்கள். மூன்று நாள் ஊறிய தண்ணீர். புளித்து நுரை கட்டி நிற்கும். அந்த நாற்றத்தைச் சட்டையில் ஏற்றிக்கொண்டுதான் தினமும் வீடு திரும்புவேன். "பின்னாடி போய்க் குளிச்சிட்டு வூட்டுக்குள்ள வா" என்பாள் என் மனைவி. குளித்தாலும் போகாது. ஆனால் அந்தப் பதினொரு மாதத்தில் எனக்கு அருவருப்புத் தந்தவற்றை வரிசைப்படுத்தினால் ஊறல் தண்ணீர் கடைசியில்தான் வரும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பத்து வருஷம் ராணுவத்தில் ராடார் பழுது பார்த்துவிட்டு, அப்பா படுக்கையில் விழுந்ததால் வேலையை விட்டு ஊருக்கு வந்திருந்தேன். கையில் தொழில் இருந்தது, ஊரில் அதற்கு வேலை இல்லை. ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தபோது ரைஸ் மில் முதலாளி ஆள் விட்டு அழைத்தார்.

குடோனுக்குள் ஒரு விமானத்தின் மூக்கு இருந்தது. நாலு இஞ்சின் வைத்த பழைய ஜெட் விமானத்தின் முன்பகுதி மட்டும். அது பறக்காது, பறந்ததும் கிடையாது. பைலட்டுகள் தரையிலேயே உட்கார்ந்து பழகுவதற்காக வெளிநாட்டில் செய்தது. சிமுலேட்டர் என்பார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் 'பொய் பிளேன்' என்றார்கள். பம்பாயில் கழித்துப் போட்டதை முதலாளி இரண்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முன்னால் பைலட்டுகளுக்கு இரண்டு இருக்கை. அவர்களுக்குப் பின்னால், வலது பக்கச் சுவரைப் பார்த்தபடி இஞ்சினியருக்கு ஓர் இருக்கை. எண்ணெய் டேங்குகளின் முட்களும் சுவிட்சுகளும் அந்தச் சுவரில்தான் இருந்தன. மூக்குக்கு வெளியே பத்து இரும்பு பீரோ. விமானம் பறப்பதாகக் காட்டுவதற்கான மொத்த மின்கருவிகளும் அந்தப் பீரோக்களுக்குள்.

முதலாளியின் திட்டம் எளிது. படித்துவிட்டு வேலையில்லாத பையன்களைச் சேர்த்து, 'விமான இஞ்சினியர் பயிற்சி' கொடுத்து, வளைகுடா நாட்டுக்கு அனுப்புவது. சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார். எல்லாரும் அவரைக் கேப்டன் என்றார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் நாலு தங்கக் கோடு, அவர் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும் சென்ட் வாசனை. அவர் சட்டைப் பையில் வைத்திருந்த கைக்குட்டையிலும் அதே சென்ட். மில் பக்கம் காற்றடித்தால் அதை மூக்கில் வைத்துக்கொள்வார்.

முதல் நாளே முதலாளி என்னை இஞ்சினியர் சுவர் முன்னால் நிறுத்தினார்.

"மூணாவது டேங்கு முள்ளப் பாருபா. காலைல ஃபுல்லுல இருக்குது. இஞ்சின ஸ்டார்ட்டே பண்ல, தன்னால எறங்குது. இன்னா இது, ஓடாத வண்டி எண்ணெ குடிக்குது?"

அந்த இயந்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. எல்லாம் பாவனை. ஒவ்வொரு டேங்குக்கும் கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார். இஞ்சின் ஓடினால், அது எவ்வளவு குடிக்கிறதோ அதற்கேற்ற மின்சாரம் அந்த மோட்டாருக்கு வரும். மோட்டார் மெல்லச் சுற்றும், முள் மெல்ல இறங்கும். இஞ்சின் ஓடாதபோது முள் இறங்கினால், எங்கிருந்தோ ஒரு பொய் மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது என்று அர்த்தம். அது எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

பீரோவிலிருந்த இரண்டாம் டேங்கின் மின்சுற்று அட்டையைக் கழற்றி மூன்றாம் டேங்கில் மாட்டிப் பார்த்தேன். முள் அப்போதும் இறங்கியது. அப்படியென்றால் அட்டையில் கோளாறு இல்லை. மோட்டாருக்கு வரும் ஒயரைப் பிடுங்கினேன். முள் நின்றது. மோட்டாரிலும் கோளாறு இல்லை. ஒயர் வரும் வழியில்தான் ஏதோ. அந்த வழியோ மூன்று பீரோ தாண்டி, மூக்கின் பலகைத் தரைக்கு அடியில் போய் மறைந்தது. எரிபொருள் பகுதிக்கான வரைபடப் புத்தகத்தைக் கேட்டால் பாதிதான் இருந்தது. மீதியைக் காணோம்.

விசித்திரம் என்னவென்றால் கோளாறு காலையில் மட்டும்தான் வந்தது. பதினொரு மணிக்கு மேல் முள் சொன்ன பேச்சைக் கேட்டது. மத்தியானம் முழுவதும் அடம்பிடிக்காமல் நின்றது. இரண்டு வாரம் இப்படி ஆட்டம் காட்டியது. ஒரு நாள் இரவெல்லாம் மழை பெய்து, பகலிலும் மூட்டமாக இருந்தது. அன்றைக்கு மாலை வரைக்கும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஈரம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போய்ப் பலகையைப் பெயர்த்து, டார்ச்சுடன் வயிற்றால் ஊர்ந்து அடியில் நுழைந்தேன். ஒரு முழ உயரம்கூட இல்லாத இடம். கை வைத்த இடமெல்லாம் உமியும் புழுக்கையும். ஒயர்கள் வந்து சேரும் கட்டையை வெளிச்சம் போட்டுப் பார்த்தால், அதன் மேலேயே எலி கூடு கட்டியிருந்தது. காணாமல் போன வரைபடப் புத்தகத்தின் தாள்களைத்தான் கிழித்து மெத்தையாக்கியிருந்தது. நடுவில் நாலைந்து குஞ்சு, ரோமம் முளைக்காதவை, செத்து ஊதிப்போய்க் கிடந்தன. கட்டையின் திருகாணிகளுக்கு மேல் மஞ்சளும் வெள்ளையுமாக ஓர் உப்புப் பொருக்கு. எலி மூத்திரம் காய்ந்து காய்ந்து படிந்தது. காலைப் பனியில் அது நனைந்தவுடன் ஒரு திருகாணியிலிருந்து பக்கத்துத் திருகாணிக்கு மின்சாரம் கசிந்தது. வெயில் ஏறிக் காய்ந்ததும் நின்றது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

வெளியே வரக்கூட நேரமில்லை, படுத்த நிலையிலேயே வாந்தி எடுத்தேன். பிறகு அதையும் நான்தான் துடைத்தேன். பழைய பல் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துக் கட்டையைத் தேய்த்து முடிக்கப் பத்து மணி ஆனது.

"எலிக்கா ரெண்டு வாரம்?" என்றார் முதலாளி. மூன்றாம் டேங்கின் முள் அதற்குப் பிறகு தானாக இறங்கவே இல்லை.

எலி செய்தது எனக்குப் புரிந்தது. அடுத்துக் கண்டுபிடித்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

பழுது சரியானதா என்று பார்க்க ஒரு முழு ஓட்டம் ஓட்டினேன். நாலு இஞ்சினையும் ஓடவிட்டு மூன்றாம் டேங்கை மட்டும் காலியாக விட்டேன். முள் பூஜ்யத்தைத் தொட்டது. மூன்றாம் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. காலி டேங்கிலிருந்து எதைக் குடித்து ஓடுகிறது? மறுபடியும் பீரோவைத் திறந்தேன். இந்தத் தடவை தேட வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே அத்தனை ஒயரும் வெள்ளை. ஒன்றே ஒன்று சிவப்பு, சைக்கிள் கடையில் கிடைப்பது. ஈயத்தை உருண்டை உருண்டையாக அப்பி யாரோ பற்றவைத்திருந்தார்கள். டேங்க் காலியானால் இஞ்சினை நிறுத்தும் இணைப்பை அது குறுக்கே கட்டிப் போட்டிருந்தது. சிவப்பு ஒயரை எடுத்தேன். அடுத்த ஓட்டத்தில் டேங்க் தீர்ந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது, மணி அடித்தது, இஞ்சின் நின்றது. இந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தோஷமாகப் போய்க் கேப்டனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அதை யாரு உன்னை எடுக்கச் சொன்னது? திரும்பப் போடு."

"சார், எண்ணெ தீந்தா இஞ்சின் நிக்கணும். அப்பதான கிராஸ்ஃபீட தொறந்து பக்கத்து டேங்குலேர்ந்து எடுக்கப் பழகுவாங்க?"

"எதைத் திறந்து?"

கிராஸ்ஃபீட் என்பது ஒரு டேங்கின் எண்ணெயை வேறு இஞ்சினுக்குத் திருப்பிவிடும் வால்வு. இஞ்சினியர் சுவரின் நட்ட நடுவில், பட்டாணி அளவு எழுத்தில் பெயரோடு நாலு குமிழ்கள் இருந்தன. சுட்டிக் காட்டினேன்.

"ஓ, ஸ்பேர் டேங்க் சுவிட்சா" என்றார்.

அந்த இயந்திரத்தில் ஸ்பேர் டேங்க் என்று எதுவுமே கிடையாது. அவர் தோளில் இருந்த நாலு கோடுகளைப் பார்த்தேன். தையல்காரன் ஒரு கோட்டைக் கொஞ்சம் சாய்வாகத் தைத்திருந்தான். நான் சேர்வதற்கு முன்னால் ஒரு தடவை பையன்கள் எதிரில் இஞ்சின் நின்று, திரும்ப ஓடவைக்கத் தெரியாமல் இந்த ஆள் விழித்திருக்க வேண்டும். அதற்குத்தான் சிவப்பு ஒயர். அவர் உண்மையில் யார், என்ன வேலை பார்த்தவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பைலட் இல்லை என்பது மட்டும் அந்த நிமிஷமே தெரிந்தது.

முதலாளியிடம் போனேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். "ஒயரு இருந்தா மிஷினு நிக்காம ஓடுதா?"

"ஓடும். ஆனா அது தப்புங்க."

"நிக்காம ஓடறதுக்குத்தான்பா உன்ன வச்சிக்கறேன்."

ஒயரைத் திரும்பப் பற்றவைத்தேன். அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனாலும் பற்றவைத்தது என் கைதான்.

அந்த வருஷம் படித்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். ஒன்பதாமவர் மணப்பட்டிலிருந்து வந்தார், மீன்பிடிக் குடும்பம். மற்றவர்களைவிட ஆறேழு வயது மூத்தவர். படகு இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தவர். கடற்கரையிலிருந்து சைக்கிளில் வருவார். வகுப்பு முடிந்ததும் பீரோக்கள் பக்கம் வந்து, "இது இன்னாத்துக்குண்ணா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரு தடவை சொன்னால் போதும்.

ஒரு நாள் அவர் இஞ்சினியர் இருக்கையில் இருந்தபோது மூன்றாம் டேங்கின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. இஞ்சின் பாட்டுக்கு ஓடியது. அவர் முள்ளைப் பார்த்தார், இஞ்சின் மீட்டரைப் பார்த்தார், கையைத் தூக்கினார்.

"சார், டேங்கு காலி. இஞ்சின் எப்டி சார் ஓடுது?"

"ஜெட் இஞ்சின் அப்படித்தான். மொமென்ட்டம்."

"இல்ல சார். எண்ணெ இல்லன்னா நிக்கணும். எங்க போட்டுல ஒடனே நின்னுடும்."

கேப்டன் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "அதான் காலையிலேர்ந்து என்ன நாத்தம்னு பாத்தேன். இது உங்க கருவாட்டு போட்டு இல்லய்யா, ஏரோபிளேன்!"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவன் மூக்கைப் பிடித்துக் காட்டினான். குடோன் முழுக்க ஊறல் தண்ணீர் நாறிக்கொண்டிருந்தது. எல்லார் மேலும் அதே நாற்றம்தான். மணப்பட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் சொன்னது சரி என்று தெரிந்த ஒரே ஆள் நான். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாரும் சிரிக்கும்போது வாய் தானாக இளித்துக்கொண்டது. அந்த இளிப்பை நினைத்தால் எலிக் கூட்டைத் தொட்டது போல இப்போதும் உடம்பு கூசுகிறது.

படிப்பு முடியும் சமயத்தில், வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் ஒருவர் வருவதாக ஏற்பாடு. பிள்ளைகளைப் பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். குடோன் வாசலில் ஷாமியானா, கரியமாணிக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் கொடுத்தனுப்பிய வாழைமரம், பின்னால் பிரியாணி அண்டா. பார்வையாளர்களுக்குத் தெரியட்டும் என்று மூக்கின் பின்சுவரைக் கழற்றியிருந்தோம்.

அன்று காலை யாரும் வருவதற்கு முன்னால் சிவப்பு ஒயரை வெட்டி எடுத்தேன். மூன்றாம் டேங்கில் கால் பங்குக்கும் குறைவாக எண்ணெய் காட்டும்படி வைத்தேன். நியாயத்துக்காகச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். அந்த ஆளை எல்லார் முன்னாலும் அம்மணமாக நிறுத்த வேண்டும் என்ற வெறியில்தான் செய்தேன்.

கேப்டன் இடது இருக்கையில் உட்கார்ந்தார். இஞ்சினியர் இடத்தில் கரியமாணிக்கத்துப் பண்ணைக்காரர் மகன், அந்த எட்டுப் பேரில் ஒருவன். மணப்பட்டுக்காரரைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். விமானம் 'கிளம்பியது'. ஒலிபெருக்கியில் இஞ்சின் சத்தம் ஏறியது, உயரம் காட்டும் முள் ஏறியது, பெற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கால் மணி நேரம் ஆனது. மூன்றாம் டேங்க் தீர்ந்தது. சிவப்பு விளக்கு, மணி. மூன்றாம் இஞ்சின் நின்றது.

கேப்டன் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினார். "ஆஃப் பண்ணு! அந்த மணியை ஆஃப் பண்ணு!" பண்ணைக்காரர் மகன் கைக்குக் கிடைத்த சுவிட்சுகளை வரிசையாக அணைத்தான். அவை மற்ற மூன்று டேங்குகளின் பம்புகள்.

"கிராஸ்ஃபீடு!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "பம்ப திரும்பப் போடுபா! கிராஸ்ஃபீட தொற!"

"வாயை மூடுடா!" என்றார் கேப்டன்.

ஒவ்வொன்றாக நாலு இஞ்சினும் நின்றன. சத்தம் அடங்கியது. உயரம் காட்டும் முள் சரசரவென்று சுற்றி இறங்கியது. கேப்டன் விமானத்தை ஓட்டும் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வழுக்கையில் வேர்வை ஓடியது. முள் பூஜ்யத்தில் முட்டி நின்றது. நிஜ விமானமாக இருந்திருந்தால் உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

நான் காத்திருந்தேன். இப்போது யாராவது கேட்பார்கள், இந்த ஆளைப் பிடித்து உலுக்குவார்கள்.

ஏஜென்ட் எழுந்தார். "எறங்கிடிச்சா? எந்த ஏர்போர்ட்டு சார் இது?"

இரண்டு விநாடி கழித்துக் கேப்டனின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"துபாய்" என்றார்.

ஏஜென்ட் கை தட்டினார். பெற்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பண்ணைக்காரர் மகன் முதலில் திருதிருவென்று விழித்து, பிறகு அவனும் சிரித்து எழுந்து கும்பிட்டான். முதலாளி ரோஜா மாலையைக் கொண்டுவந்து கேப்டன் கழுத்தில் போட்டார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். 'விழுந்து நொறுங்கிடிச்சிங்க, எல்லாரும் செத்துட்டீங்க' என்று ஒரு வார்த்தை. அந்தக் கைதட்டலில் திறக்க முடியவில்லை. மணப்பட்டுக்காரர் யாரையும் பார்க்காமல் வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தார். நான் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன்.

மாலையில் கேப்டன் என்னைப் பீரோ மறைவுக்குக் கூப்பிட்டார். மாலையைக்கூடக் கழற்றவில்லை.

"உன் வேலைதான?"

"ஆமா."

"ஒயரைப் போட்டுட்டுப் போ."

"போட மாட்டேன். நாளைலேர்ந்து வரவும் மாட்டேன்."

அவர் கோபப்படவே இல்லை. சிரித்தார். "சரிப்பா. எங்க போடணும்னாவது காட்டிட்டுப் போ. அடுத்து வர்றவனுக்குத் தெரியணுமில்ல?"

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு விளங்காதது இதுதான். பீரோவைத் திறந்து, இங்கேயிருந்து இங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு வாரம் கழித்து மணப்பட்டுக்குப் போனேன். மணலில் சாக்கு விரித்து, ஒரு படகின் டீசல் இஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு ஒயர் விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஃபில்டரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஒயரு கியருன்னு தெரியாதுண்ணா. அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் தெரியும்" என்றார். ஃபில்டரை உதறி வைத்துவிட்டு, "நீங்க ஏன் சிரிச்சீங்கன்னுதான் தெர்ல."

சாக்கில் கிடந்த ஒரு நட்டை எடுத்து அதிலிருந்த மணலைத் துடைத்தேன். "இத புடிங்க" என்று அவர் ஒரு குழாயை நீட்டினார். அவர் திருகாணியை முடுக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பயிற்சி நிலையம் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் நடந்தது. வளைகுடாவுக்கு விமான இஞ்சினியராக ஒருவரும் போகவில்லை. இரண்டு பேர் கட்டட வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். மில்லை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டபோது மூக்கை கேஸ் வைத்து அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கேப்டன் அதற்கு முன்னாலேயே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தார்.

நான் டிவி ரிப்பேருக்கு மாறினேன். ஒரு முறை கரியமாணிக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். படம் உருளுகிறது என்று. கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ், மஞ்சள் சரிகை மாலையோடு. அதன் கீழே அந்தப் பண்ணைக்காரர் மகன், இப்போது தொப்பையும் மீசையுமாக. பெண் வீட்டார் யாரோ வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இவருதாங்க எங்க பிளேனு மெக்கானிக்கு! நான் துபாய்ல எறக்குனன் பாருங்க, அன்னிக்கி இவரும் கூட இருந்தாரு. கேட்டுப் பாருங்க."

அத்தனை பேரும் மரியாதையோடு என் பக்கம் திரும்பினார்கள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முழுக்க நம்பித்தான் சொன்னான்.

"ஆமா" என்றேன்.

டிவியின் பின்மூடியைக் கழற்றி, படத்தை நிறுத்திக் கொடுத்தேன். காபி கொண்டுவந்து வைத்தார்கள். ஏடு படிந்து ஆறும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடிக்காமல் எழுந்து வந்தேன்.